டிரங்குப் பெட்டியைப் போகிக்குப் போடாதீர்கள்

சுத்துக்கேணி வட்டாரத்து முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து எங்களோடு குடியிருக்கும் பெரியவர்களே, சித்தப்பாமார்களே, அண்ணன்மார்களே, பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து வந்த சொல்தா தாத்தாக்களே,

உங்களிடம் ஒரு குறை சொல்லவும் ஒரு காரியம் கேட்கவும் இதை எழுதுகிறேன். குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாய் திறப்பதில்லை.

"நாங்களா பேசுவதில்லை?" என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. ஆகஸ்டு 15-க்குப் பள்ளிக்கு அழைத்தால் வருகிறீர்கள். மெடல்களைக் குத்திக்கொண்டு, சட்டை மடிப்புக் கலையாமல், சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து நிற்கிறீர்கள். கொடியேற்றி முடிந்ததும் ஒழுக்கம், கட்டுப்பாடு, நாட்டுப்பற்று, விடியலில் எழுந்திருத்தல் என்று ஐந்து நிமிடம் பேசுகிறீர்கள். பிள்ளைகள் கை தட்டுகிறார்கள், மிட்டாய் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அந்த ஐந்து நிமிடப் பேச்சைப் பனிமலையைக் கண்ணால் பார்க்காத நானே பேசிவிடுவேன். உங்களால் மட்டுமே பேச முடிந்ததை ஏன் உள்ளேயே பூட்டி வைத்திருக்கிறீர்கள்?

நான் ஒரு ஹவில்தாரின் மகள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆசிரியை. அப்பா எங்கெங்கே இருந்தார் என்பது எங்கள் வீட்டில் வெறும் ஊர்ப்பெயர் வரிசைதான்: வெலிங்டன், அக்னூர், லே, மறுபடி லே. அங்கே என்ன சாப்பிட்டார், எதற்குப் பயந்தார், யாரோடு ஒரே கூடாரத்தில் படுத்தார், ஒன்றும் தெரியாது. மார்கழியில் நாங்கள் மப்ளர் சுற்றிக்கொண்டால் மட்டும் "இதெல்லாம் ஒரு குளிரா" என்பார். அப்படியென்றால் எது குளிர் என்று நாங்கள் கேட்பதற்குள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பெயர்கள் மாறும், கதை இதுவாகத்தான் இருக்கும்.

ஊருக்கு உங்களைப் பற்றித் தெரிந்தது இன்னும் குறைவு. "மிலிட்டரிக்காரர்" என்றால் முறுக்கு மீசை, சத்தமான குரல், கேன்டீன் கோட்டா. புதுச்சேரியில், தடுக்கி விழுந்தால் மதுக்கடை இருக்கிற இந்த ஊரில், கேன்டீன் ரம்முக்கு இன்னும் இருக்கிற மவுசு எனக்கு விளங்கியதே இல்லை. அது போகட்டும். பதினைந்து, இருபது ஆண்டு பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த மனிதரை ஒரு பாட்டிலை வைத்து நினைவில் வைத்திருக்கிறோம் என்றால் அதில் எங்கள் தப்பு பாதி. மீதிப் பாதி உங்களுடையது. எங்களுக்கு நினைத்துக்கொள்ள வேறு எதையும் நீங்கள் தரவில்லை.

போர்களைப் பற்றி எழுதப் புத்தகங்களும் தளபதிகளும் இருக்கிறார்கள். நான் உங்களிடம் கேட்பது குளிரைப் பற்றி. சங்கராபரணிக் கரையில் நெல்லும் கரும்பும் பார்த்து வளர்ந்த உடம்பு, பாதரசம் 20 டிகிரிக்கு இறங்கினாலே வாசல் தெளிக்க வெளியே வர யோசிக்கிற ஊரில் பிறந்த உடம்பு, மைனஸ் 30-இல் எப்படித் தூங்கியது? அதை யார் கற்றுக் கொடுத்தார்கள்? கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆயிற்று?

ஏட்டில் இருப்பது எனக்கும் கொஞ்சம் தெரியும். மதராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தவர்களுக்கு முதல் குளிர் நீலகிரியில், வெலிங்டன் மையத்தில். அதன் பிறகு வடக்கே. லேயில் விமானத்திலிருந்து இறங்கினால் அந்த இடமே பத்தாயிரம் அடிக்கு மேல். உடனே மேலே அனுப்பமாட்டார்கள். 9,000 அடியிலிருந்து 12,000 அடி வரை 6 நாள், அடுத்த 3,000 அடிக்கு 4 நாள், அதற்கும் மேலே இன்னொரு 4 நாள் என்று உடம்பைப் பழக்கித்தான் ஏற்றுவார்கள். அவசரப்பட்டு ஏறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு நல்ல வாட்டசாட்டமான ஆளும் ஒரே இரவில் போய்விடுவார். குல்மர்க்கில் இருக்கிற உயர்மலைப் போர்ப் பள்ளி 1948 டிசம்பரில் ஒரு டிவிஷனின் பனிச்சறுக்குப் பள்ளியாகத் தொடங்கியது. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், நவம்பர் 1-ஆம் தேதி, ஜோஜிலா கணவாயில் பனிக்கு நடுவே டாங்குகளை ஏற்றி எதிரியைத் திகைக்க வைத்தார்கள். அந்த டாங்குகள் போவதற்கான வழியை வெட்டிக் கொடுத்தவர்கள் மதராஸ் சேப்பர்கள். பட்டாளத்தில் "தம்பிகள்" என்று பெயர் வாங்கிய நம் ஆட்கள். பதினோராயிரம் அடிக்கு மேலே, கடப்பாரை ஏறாத உறைந்த மண்ணில்.

இந்த வரிகளை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். படித்தால் கிடைக்காதது உங்களிடம் இருக்கிறது. ஈரமான காலுறையை எங்கே வைத்துக் காய வைத்தீர்கள்? சட்டைக்குள்ளே, வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்வார்கள் என்று ஒருவர் சொன்னார், உண்மைதானா? வெறுங்கையால் துப்பாக்கி இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு உரிந்து வரும் என்பதை முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்களா, பட்டுத்தான் தெரிந்துகொண்டீர்களா? 18,000 அடியில் தண்ணீர் 80 டிகிரி சொச்சத்திலேயே கொதித்துவிடும், அரிசி வேகாது, குக்கர் இல்லாவிட்டால் சோறே இல்லை என்கிறார்களே, அந்தக் குக்கருக்கு லங்கர் சமையற்கூடத்தில் எத்தனை பேர் காவல்? ஆரஞ்சுப் பழம் கிரிக்கெட் பந்துபோல் ஆகிவிடுமாம். அதை எப்படித் தின்றீர்கள்? மண்ணெண்ணெயில் எரியும் புகாரி அடுப்பின் புகை மூக்கில் கரியாகப் படிந்து, துப்பினால் கறுப்பாக வருமாமே. குளிக்காமல் எத்தனை வாரம் இருந்தீர்கள்? கயிற்றில் ஒருவரோடு ஒருவரைப் பிணைத்துக்கொண்டு பனிப்பிளவுகளைத் தாண்டும்போது முன்னால் போனவர் எந்த ஊர்க்காரர்? அவரை உங்களுக்குப் பிடிக்குமா? பிடிக்காத ஆளோடு ஒரே கயிற்றில் நடப்பது எப்படி இருந்தது?

கடைசிக் கேள்வியைத்தான் நான் நிஜமாகக் கேட்க விரும்புகிறேன். உங்களைப் பார்த்தால் வணக்கம் வைக்கிற ஊரில் இதைக் கேட்க எல்லோருக்கும் தயக்கம்.

பயத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சினில் சோனம் காவல்நிலையின்மேல் பனிச்சுவர் சரிந்து 10 பேர் புதைந்தார்கள். 19,600 அடி உயரம். மதராஸ் ரெஜிமென்டின் 19-ஆவது பட்டாலியன். தமிழ்நாட்டுக்காரர்கள் மட்டும் 4 பேர்: வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். பாறைபோல் இறுகிய பனியை வெட்டி, மோப்ப நாய்களை வைத்துத் தேடி, ஆறாவது நாள் கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள். நாடே கும்பிட்டது. பிப்ரவரி 11-ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் அவரும் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க நம் வீடுகளில் தொலைக்காட்சி ஓடியது. உங்களில் பலர் அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்தீர்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று பிறகு உங்கள் வீட்டுப் பெண்கள் சொல்லிக் கேட்டேன். பனிச்சரிவில் சிக்கினால் முகத்துக்கு முன்னால் கையை வைத்து மூச்சுக்கு இடம் பிடித்துக்கொள்ள வேண்டும், சிவப்பு நாடாவைப் பின்னால் விட்டுக்கொண்டு நடக்க வேண்டும் என்றெல்லாம் பயிற்சியில் கற்றவர்கள் நீங்கள். அந்த ஆறு நாளில் அந்த மனிதருக்கு உள்ளே என்ன நடந்திருக்கும் என்று அந்த அறையில் ஊகிக்கக் கூடியவர் நீங்கள் ஒருவர்தான். சியாச்சினில் குண்டுக்குப் பலியானவர்களைவிடப் பனிக்கும் காற்றுக்கும் உயரத்துக்கும் பலியானவர்களே அதிகம். அப்படியென்றால் அங்கே எதிரி யார் என்பதை நீங்கள்தானே சொல்ல வேண்டும்.

இப்போது ஏன் கேட்கிறேன் என்கிறீர்களா? விடிகாலையில் ஏரிக்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள். நம் பையன்கள் செல்போன் டார்ச் வெளிச்சத்தில் பட்டாளத் தேர்வின் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். 2022-இல் அக்னிபத் ஆள்சேர்ப்புத் திட்டம் வந்த பிறகு நான்கு ஆண்டு வேலை. நான்கில் ஒரு பங்கு பேரைத்தான் அதற்கு மேல் வைத்துக்கொள்வார்கள். உங்களுக்குப் பதினைந்து ஆண்டில் மெதுவாகத் தெரிந்ததை அவர்கள் நான்கு ஆண்டில் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களுக்கு யார் சொல்லித் தருகிறார்கள்? கைப்பேசியில் இரண்டு நிமிடக் காணொளிகள். பின்னணியில் முழங்குகிற இசை, மெதுவாக நடந்து வரும் வீரர், பறக்கும் கொடி. காலுறையை மாற்றாமல் தூங்கினால் விரல் கறுத்து எடுக்க வேண்டி வரும் என்று அந்தக் காணொளி சொல்லாது. வீட்டு நினைவு வந்து அழுதால் அது கோழைத்தனம் அல்ல என்றும் சொல்லாது. நீங்கள் சொல்லலாம். "பயமாக இருந்தது, ஆனாலும் போனேன்" என்று எங்கள் மிலிட்டரி தாத்தா ஒருவர் சொல்லிக் கேட்ட பையன், சொல்லிக் கேட்காத பையனைவிடப் பத்திரமாகத் திரும்புவான் என்று நான் நம்புகிறேன். இதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது. வகுப்பறையில் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியதில் வந்த நம்பிக்கைதான்.

அவர்கள் போகப்போகிற குளிரும் இனி இமயத்தோடு முடியாது. 2025 செப்டம்பரில் மதராஸ் ரெஜிமென்டின் ஒரு பட்டாலியனைச் சேர்ந்தவர்கள் அலாஸ்காவில் வெயின்ரைட் கோட்டைக்குப் போய் அமெரிக்க வீரர்களோடு 'யுத் அப்யாஸ்' பயிற்சி செய்து வந்தார்கள். 2004-இல் தொடங்கிய கூட்டுப் பயிற்சி அது. 2022 நவம்பரில் அதே பயிற்சிக்காக அலாஸ்காவிலிருந்து அமெரிக்கப் படைப்பிரிவினர் உத்தராகண்டின் அவ்லிக்கு வந்தார்கள். அவ்லி 9,500 அடி. சீன எல்லைக்கோடு அங்கிருந்து நூறு கிலோமீட்டர் தூரம். பெய்ஜிங் முகம் சுளித்தது. 2021 அக்டோபரில் அலாஸ்காவில் நடந்த பயிற்சியின்போது நம் வீரர்களும் அமெரிக்கர்களும் கபடி ஆடினார்கள், அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. கபடி என்றதும் நம் ஊர்ப் பையன்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது படம். வெளிநாட்டுக்காரனோடு ஒரே பனியில் பழகிய அனுபவம் உங்களில் சிலருக்கே உண்டு. கூட்டுப் பயிற்சி என்றால் செய்தித்தாளில் ஒரு புகைப்படம், இரண்டு கொடி, கைகுலுக்கல். அதற்கு அப்பால் என்ன? அவனுடைய பூட்சைப் பார்த்து உங்களுக்குப் பொறாமை வந்ததா? உங்கள் சப்பாத்தியை அவன் எப்படித் தின்றான்? உங்கள் அரைகுறை இங்கிலீஷும் அவன் வேகமான இங்கிலீஷும் எங்கே முட்டிக்கொண்டன? தன் நாட்டுக் குளிரில் வளர்ந்தவனுக்குப் பனிக்காற்றில் தெரிந்ததும் உயரத்தில் பழகிய உங்களுக்கு மூச்சில் தெரிந்ததும் ஒன்றுக்கொன்று வேறு. யார் யாருக்கு எதைக் கற்றுக் கொடுத்தீர்கள் என்பதை அதிகாரிகளின் அறிக்கை எழுதாது.

இங்கே சொல்தா தாத்தாக்களிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களிடம் எனக்குக் குறை கொஞ்சம் அதிகம்.

இதே வட்டாரத்தில், வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துச் சில வீடுகளில், இரண்டு நாட்டுப் பட்டாளத்து நினைவுகள் அடுத்தடுத்துக் குடியிருக்கின்றன. இந்தியாவில் இப்படி வேறு எங்கே இருக்கிறது? பக்கத்தில் கீழூரில் 1954 அக்டோபர் 18-இல் 178 பேர் வாக்களிக்கக் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர்வோம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஒப்பந்தம் இடம் கொடுத்தது. அதை எடுத்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பிரெஞ்சு ராணுவத்துக்குப் போனார்கள். ஃப்ரெஜூஸ் முகாம் என்கிறீர்கள், ஜெர்மனி என்கிறீர்கள். ஜெர்மனியில் பாடன்-பாடனைத் தலைமையிடமாக வைத்துப் பிரெஞ்சுப் படைகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல பத்தாண்டுகள் இருந்தன. அந்த ஊர்க் குளிர்காலத்தில் தமிழ்ப் பையன் ஒருவன் காவலுக்கு நின்றது எப்படி இருந்தது என்று ஒரு வரி எங்கும் படித்ததில்லை. உங்களில் மூத்தவர்களுக்கு இந்தோசீனாவும் அல்ஜீரியாவும் தெரியும். அங்கே பனியைவிடக் கனமான ஏதோ நடந்திருக்கிறது. உங்கள் நாட்டை அடிமைப்படுத்தியவர்களின் சீருடையைப் போட்டுக்கொண்டு, விடுதலை கேட்டவர்களுக்கு எதிரில் நின்றீர்கள். அதைப் பற்றிக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. வறுமை எப்படித் துரத்தியது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லாமலே போய்விட்டால், உங்களைப் பற்றிச் சொல்லப்படுவதெல்லாம் பென்ஷன் தொகை மட்டும்தான். இன்றைக்கும் தெருவில் அதைத்தான் சொல்கிறார்கள், அதுவும் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு.

நீங்கள் ஜூலை 14-க்கும் நவம்பர் 11-க்கும் கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போகிறீர்கள். 1938-இல் திறந்தது, முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்ட நம் ஊர்க்காரர்களுக்காக. இந்தியப் பட்டாளத்துக்காரர்கள் ஆகஸ்டு 15-க்கும் ஜனவரி 26-க்கும் மைதானத்துக்குப் போகிறார்கள். ஒரே டீக்கடையில் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்து மழை, முழங்கால் வலி, பேரன் வேலை என்று பேசிக்கொள்கிறீர்கள். ஒருவர் குல்மர்க்கில் சறுக்கி விழுந்து கற்றவர். இன்னொருவர் பிரான்சின் சமோனியில் 1932 முதல் இருக்கிற மலைப் போர்ப் பள்ளியைப் பற்றியாவது கேள்விப்பட்டவர். இரண்டு பேரும் குளிரைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. உங்கள் இரண்டு ராணுவங்களும் 2011 முதல் 'சக்தி' என்ற பெயரில் கூட்டுப் பயிற்சி செய்கின்றன. 2025 ஜூனில் தெற்கு பிரான்சின் லா கவலெரியில் நடந்தது. ராணுவங்கள் கடல் கடந்து போய்ச் சேர்ந்து நிற்கின்றன. உங்களுக்கு நடுவில் இருப்பது ஒரு டீ கிளாஸ்.

பேசி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2006-இல் 'அந்திஜேன்' என்று ஒரு பிரெஞ்சுப் படம் வந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரான்சுக்காகப் போராடிய வட ஆப்பிரிக்க வீரர்களின் கதை. அந்த வீரர்களின் ஓய்வூதியத்தை 1959-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அப்படியே உறைய வைத்திருந்தது. பிரெஞ்சு வீரருக்கு ஏறுகிறது, இவர்களுக்கு ஏறவில்லை. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக மனுப் போட்டும் முழுதாக அசையாத அரசு, அந்தப் படம் திரைக்கு வந்த அதே செப்டம்பரில் உயர்த்தித் தருவதாக அறிவித்தது. எல்லோருக்கும் முழுமையாகக் கிடைக்க இன்னும் சில ஆண்டுகள் ஆயின, அதற்குள் பலர் இறந்து போயிருந்தார்கள். ஆனாலும் மனுவால் ஆகாதது கதையால் ஆயிற்று.

உங்கள் பக்கத்து நியாயங்களையும் கேட்டிருக்கிறேன். "ராணுவ ரகசியம் அம்மா, சொல்லக்கூடாது" என்பீர்கள். காவல்நிலை எங்கே இருந்தது, எத்தனை பேர், என்ன ஆயுதம் என்று நான் கேட்கவில்லை. அதைச் சொன்னாலும் எழுத மாட்டேன். காலுறை ரகசியமா? பருப்பு வேகாதது ரகசியமா? உங்கள் கூடாரத்தில் யார் குறட்டை விட்டார் என்பதை எந்தச் சட்டமும் தடுக்காது. "நான் என்ன பெரிய ஆபீசரா, சமையல்காரன்தானே" என்று ஒருவர் சொன்னார். பனிமலையில் சமைத்தவரைவிட முக்கியமான சாட்சி யார்? டிரைவராக இருந்தவர்கள், கிளார்க்குகள், கோவேறு கழுதைகளைப் பார்த்துக்கொண்டவர்கள், நர்சிங் அசிஸ்டென்டுகள், எல்லோரும் இந்த மடலுக்கு உரியவர்கள். சோனமில் புதைந்த பத்துப் பேரில் ஒருவர் நர்சிங் அசிஸ்டென்ட். இன்னொன்று, "எழுத வராது" என்கிறீர்கள். நீங்கள் எழுத வேண்டாம். பேசுங்கள், எழுதுவது எங்கள் வேலை.

எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண் முன்னாலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1914 செப்டம்பர் கடைசியில் இந்தியப் படைகள் மார்செய்யில் இறங்கின. அந்தக் குளிர்காலத்தை வடக்கு பிரான்சின் பதுங்குகுழிச் சேற்றில், போதுமான கம்பளி வந்து சேர்வதற்கு முன்னாலேயே கழித்தன. அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்து, மொழிபெயர்த்து, பகுதி பகுதியாக எடுத்து வைத்தார்கள். சந்தேகத்தால் செய்த வேலைதான். ஆனால் அந்தச் சந்தேகம் இல்லாவிட்டால் அந்தச் சிப்பாய்கள் குளிரில் என்ன நினைத்தார்கள் என்று இன்று உலகத்துக்குத் தெரிந்திருக்காது. கடிதங்கள் போய்ச் சேர்ந்த வீடுகளில் பெரும்பாலும் எதுவும் மிஞ்சவில்லை. வெள்ளைக்காரத் தணிக்கைக்காரனின் கோப்பில் மிஞ்சியது. அதிலும் உருது, பஞ்சாபி, இந்தி எழுதியவர்களின் குரல்தான் பெரும்பாலும். நம் மொழிக்காரரின் குரலைத் தேடினால் கை வெறுமையாகத் திரும்புகிறது. உங்கள் கடிதங்களை அப்படி யாரும் எடுத்து வைக்கவில்லை. அவை உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன, அல்லது இருந்தன.

"இருந்தன" என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரிலேயே எழுபது ஆண்டுகளுக்கும் முன்பு கசால் என்ற பிரெஞ்சுக்காரர் வந்து மண்ணைத் தோண்டி, இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான ஈமத்தாழிகளை எடுத்தார். யாரோ ஒருவரை எதை வைத்துப் புதைத்தார்கள் என்று சுத்துக்கேணியைப் பற்றி உலகத்துக்குத் தெரியும். போன தலைமுறையில் இதே தெருவிலிருந்து யார் எந்த மலைக்குப் போனார் என்று தெரியாது. பட்டாளத்துக்காரர் இறந்து காரியம் முடிந்ததும் அந்தப் பச்சைப் பெட்டி மச்சுக்கோ மாட்டுக்கொட்டகைக்கோ போகிறது. கரையான் அரிக்கிறது. பிறகு ஒரு மார்கழிக் கடைசியில் மருமகளோ பேரனோ பெட்டியைக் காலி செய்கிறார்கள். பழைய பாய், கிழிந்த தலையணை, கூடவே இன்லாண்டு லெட்டர்கள், கூட்டாக எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகல், இங்கிலீஷில் இருப்பதால் யாருக்கும் புரியாத பயிற்சிச் சான்றிதழ், எல்லாம் வாசலில் நெருப்புக்குப் போகின்றன. மெடலை மட்டும் எடுத்து வைப்பார்கள், உலோகம் என்பதால்.

ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம். 1953-இல் அதே தேதியில்தான் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா ஓய்வு பெற்றார். அந்த நாளில் உங்களுக்குச் சால்வை போடுகிறார்கள். போகிப் பண்டிகை சில ஆண்டுகளில் அதே நாளிலும், மற்ற ஆண்டுகளில் அதற்கு முந்தைய நாளிலும் வருகிறது. சால்வை ஒரு கையிலும் தீப்பெட்டி இன்னொரு கையிலுமாக இருக்கிறோம். அதனால் என் கோரிக்கை போகிக்கு முன்னால் வருகிறது.

மார்கழியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் பள்ளிக்கு வாருங்கள். சுத்துக்கேணி, காட்டேரிக்குப்பம், சந்தைப் புதுக்குப்பம், திருக்கனூர் என்று எந்த ஊராக இருந்தாலும் சரி, இந்தியப் பட்டாளமோ பிரெஞ்சுப் பட்டாளமோ எதுவாக இருந்தாலும் சரி. மேடை இல்லை, மாலை இல்லை, அரசியல்வாதி யாரும் வரமாட்டார்கள். இரண்டு பட்டாளத்துக்காரர்களும் ஒரே வட்டமாக உட்கார்வீர்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கைப்பேசியில் உங்கள் குரலைப் பதிவு செய்வார்கள். கேள்விகளை அவர்களே தயார் செய்திருக்கிறார்கள். சில கேள்விகள் அசட்டுத்தனமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். "துப்பாக்கியால் சுட்டீர்களா" என்று முதலில் கேட்பார்கள். கேட்டுவிட்டுத்தான் காலுறைக்கு வருவார்கள். பதில் சொல்ல மனமில்லாததை விட்டுவிடுங்கள், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். பதிவின் ஒரு பிரதி உங்கள் வீட்டுக்கு, ஒன்று பள்ளிக்கு. உங்கள் அனுமதி இல்லாமல் வேறு எங்கும் போகாது.

பெட்டியில் இருப்பதைக் கொண்டு வாருங்கள். பழைய படம் இருந்தால் அதில் நிற்பவர்களின் பெயரை உங்களால் இன்னும் சொல்ல முடியும். வரிசையாகச் சொல்லுங்கள், பின்பக்கம் பென்சிலால் எழுதி வைக்கிறோம். கடிதங்களை நாங்கள் எடுத்துக்கொள்ள மாட்டோம், அங்கேயே படம் பிடித்துத் திருப்பித் தந்துவிடுவோம். நடக்க முடியாதவர்கள் ஆள் அனுப்பிச் சொல்லுங்கள், பிள்ளைகள் வீட்டுக்கே வருவார்கள். கணவரை இழந்தவர்கள் பெட்டியோடு வாருங்கள், அதில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

இன்னும் ஒன்று. உங்கள் வீட்டு அம்மாக்களையும் அழைத்து வாருங்கள். நீங்கள் பனியில் இருந்தபோது பிரசவம், கடன், வெள்ளம், மாமியார் வியாதி எல்லாவற்றையும் இங்கே தனியாகப் பார்த்தவர்கள் அவர்கள். உங்கள் கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களும் அவர்கள்தான். எந்த ஆண்டு எந்த மலையில் இருந்தீர்கள் என்று நீங்கள் தப்பாகச் சொன்னால், எந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தது என்று கணக்குப் போட்டுத் திருத்திவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு ஹவில்தாரின் மகள்